முழங்காலுக்குக் கீழே

இந்திராதேவி எனக்கு முன்னால் வைத்த தயிரில் கரண்டியை நட்டால் நிற்கும். நட்டுப் பார்த்தேன். நின்றது.

"டொக்டர் தம்பி உறைய வைச்சுக் கொண்டுவந்தது," என்றாள். "இந்த வீட்டிலை இப்ப கடைத் தயிர் வாங்கிறதே இல்லை."

தயிரைச் சாப்பிட்டேன். டொக்டரை நம்பவில்லை. நான் பொதுவாக ஒருத்தரையும் நம்புவதில்லை, நம்பினால் இந்தத் தொழில் ஓடாது. மொன்றியலில் எங்கள் ஆட்கள் கலியாணம் பேசினால் மாப்பிள்ளையை விசாரிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. ஊரில் என்றால் பக்கத்து வீட்டுக்காரனே கேளாமல் சொல்லிவிடுவான். இங்கே பக்கத்து வீட்டுக்காரன் கிரேக்கன். அவனுக்குப் போன்ஜூருக்கு மேலே ஒன்றும் தெரியாது. அதனால் என்னைப் பிடிப்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கித்தான் பிழைத்தேன். பெட்டியைப் பார்த்து ஆளைச் சொல்லப் பழகியது அங்கே.

தொழிலில் எனக்கு ஒரே ஒரு சட்டம். கேட்ட கேள்விக்குப் பதில், அதற்கு மேலே ஒரு சொல்லும் கிடையாது. கூடச் சொன்னால் கலியாணம் குழம்பும், பழி என் தலையில் வந்து விழும். எங்கள் ஆட்கள் குடியிருக்கிற ரொக்ஸ்பரோவில் எல்லோருக்கும் இது தெரியும்.

விஷயம் இதுதான். இந்திராதேவியின் மகள் பிரஷாந்தினிக்கு லக்ஷன் என்ற பெடியனைப் பேசியிருந்தார்கள். ரஷ்யாவில் கெமரோவோ என்கிற நிலக்கரி மாகாணத்தில் டொக்டருக்குப் படித்து, அதே மாகாணத்தில் புரகோபியெவ்ஸ்க் என்கிற நாட்டுப்புற மாவட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்று தரகர் சொன்னார். இங்கே டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றும் லொறி ஓட்டுகிறான். அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. வெளிநாட்டு டொக்டர் சோதினை பாஸ் பண்ணும்வரை இந்த ஊரில் லொறிதான் ஓட்டுவான். டாக்ஸியில் ஏறினால் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவு டொக்டர்கள் ஓட்டுகிறார்கள்.

நாளைக் காலை பொன்னுருக்கல். தாலிக்கான பொன்னை நெருப்பில் வைத்து உருக்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது பாதிக் கலியாணம். பிறகு திரும்ப வழியில்லை. இந்த நேரம் பார்த்து முந்தநாள் ஒரு தொலைபேசி வந்திருக்கிறது. பெண் குரல், வாயில் துணியைப் பொத்திக்கொண்டு கதைத்த மாதிரி. மாப்பிள்ளை ரஷ்யாப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறது. இவ்வளவையும் நேற்றுக் காலையே இந்திராதேவி எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தாள், மிச்சத்தை இன்றைக்கு நேரில் சொன்னாள்.

"கடைசியா என்ன சொன்னது தெரியுமே அண்ணை? நம்பாட்டி சண்முகலிங்கத்தாரை விட்டு விசாரியுங்கோ எண்டது."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. என் பேர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. பக்கத்தில் இருந்த அருக்காணி கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அருக்காணி என் உதவியாள். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனுஷி, ஐம்பதைத் தாண்டியவள், டோர்வலில் விமானம் துடைக்கிற வேலை. கார் அவளுடையது. வாயும் அவளுடையது. இரண்டுக்கும் பிரேக் பிடிக்காது.

"தயிரு அருமைங்க," என்றாள். "டாக்டருங்க இப்படி உறை ஊத்தி நான் பார்த்ததில்லீங்க."

பிரஷாந்தினி மேசையின் மறுபக்கம் இருந்தாள். கார்டறி என்கிற குழந்தைக் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை அவளுக்கு. கையில் கிடந்த கடுதாசித் துண்டை மடித்து, மடிப்பின் மேலே பெருவிரல் நகத்தை ஓட்டி, மறுபடி மடித்து, ஒரு கப்பல் செய்து முடித்தாள். கத்தியால் கீறின மாதிரி மடிப்பு. பிறகுதான் வாயைத் திறந்தாள். ரஷ்யாவில் இருந்தவரா இல்லையா என்பதை மட்டும் பார்த்துச் சொன்னால் காணும் என்றாள். புத்தியான பிள்ளை, கேள்வியை ஒழுங்காகக் கேட்கிறது என்று நினைத்தேன்.

சுவரில் லக்ஷனின் படம் சட்டத்துக்குள் தொங்கியது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மரக் கட்டடத்துக்கு முன்னால் சிரிக்கிறான். சுற்றிவரப் பனி. இந்திராதேவி அதைக் கழற்றி, துவாயில் சுற்றி, பிள்ளையைத் தருவது போல என் கையில் தந்தாள்.

"கவனம் அண்ணை. வாற சனமெல்லாம் இதைப் பார்த்துத்தான் டொக்டர் எண்டு நம்புதுகள்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போது நான் வழக்கை முடித்துவிட்டிருந்தேன். ஆள் பொய்யன். அதை அருக்காணிக்குச் சொன்னேன்.

"அதுக்குள்ளயா," என்றாள். "பெல்ட்டைப் போடுங்க முதல்ல."

படத்தைப் பார் என்றேன். பனி கறுப்பாக இருக்கிறது. சைபீரியாப் பனி கலண்டரில் இருக்கிற மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். இது மார்ச் மாதத்து மொன்றியல் பனி. வெளியே எட்டிப் பார்த்தால் வீதிக் கரையில் இதே அழுக்குத்தான் குவிந்து கிடக்கிறது. இங்கே பக்கத்தில் லசீன் ரயில் பாதைப் பக்கம் நின்று எடுத்திருக்கிறான்.

இரண்டாவது, நேற்று டோர்வலில் நான் அவனைப் பார்த்துக் கதைத்தேன். முழங்கால் நோ என்று சாட்டுச் சொல்லி, டொக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். டொக்டர் என்றதும் சிரித்தான். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னான். நான் கதையோடு கதையாக, உங்கள் மாவட்டத்து நிர்வாகம் நடக்கிற கச்சேரி எங்கே இருந்தது என்று விசாரித்தேன். எந்த நாட்டிலும் காரியாதிகாரிகள் இருக்கிற கச்சேரியைத் தெரியாமல் ஒருவன் இருந்திருக்க முடியாது. அவன் சொன்னான், கச்சேரி நகரத்தில் இருந்தது, ஆனால் அந்த நகரம் மாவட்டத்தில் சேர்த்தி இல்லை என்று.

"மாவட்டத்தின் தலைமைக் கச்சேரி மாவட்டத்துக்கு வெளியிலையாம். பொய் சொல்லுறவனுக்கு ஒரு அளவு வேண்டாமோ?"

அருக்காணி சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு என் முழங்காலைப் பார்த்தாள்.

"ஒத்தடம் குடுத்தீங்களாண்ணா?"

"குடுத்தன்."

"வலி?"

குறைந்ததை நான் சொல்லவில்லை. அவள் கேட்டது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

அருக்காணியோடு விமானம் துடைக்கிற ஒரு மொல்தாவியப் பெண் மூலமாக ஒரு பெயர் கிடைத்திருந்தது. குயின் மேரி வீதிப் பக்கம் ரஷ்யச் சாமான் கடை, கலீனா என்கிற மனுஷி. அவளுடைய தாய் அந்தப் புரகோபியெவ்ஸ்க் மாவட்டத்துக் கிராமத்துக்காரி, கலீனா வளர்ந்ததும் அங்கேதான். எங்களுக்கு இருந்த ஒரே துப்பு அது.

கடைக்குள் புகை போட்ட மீனும் ஊறுகாய்ப் போத்தல்களும் அடுக்கியிருந்தன. கலீனா அறுபது வயது ஆள். கறுவாப் பட்டை உரிக்கிற கத்தி மாதிரி ஒரு கத்தியால் இறைச்சி உருளை ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பிரெஞ்சு மெர்சியோடு நின்றுவிடும். அருக்காணி அரசாங்க வகுப்புக்குப் போய்ப் படித்தவள், தப்பும் தவறுமாக ஆனால் பயமில்லாமல் கதைப்பாள். நான் தமிழில் சொல்ல அவள் பிரெஞ்சில் சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள். நடுவில் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சட்டத்தை மேசையில் வைத்து முதலில் பனியைக் காட்டினேன். கலீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"என்னவாம்?"

"எங்க ஊருன்னு சொல்றாங்க. ஊரைச் சுத்தி நிலக்கரிக் குழிங்களாம். மண்ணைப் பொளந்து போட்டு தோண்டுவாங்களாம். காத்தடிச்சா கரித்தூள் பனி மேல இறங்குமாம். பனி வெள்ளையா இருந்திருந்தாத்தான் சந்தேகப்படோணுமாம்." அருக்காணி என் முகத்தைப் பார்த்தாள். "லசீன் இல்லீங்கண்ணா."

சரி, கச்சேரியைக் கேள் என்றேன். கேட்டாள். கலீனா கத்தியை வைத்துவிட்டு மேசையில் விரலால் ஒரு வட்டம் போட்டாள், உள்ளே இன்னொரு வட்டம் போட்டாள். இந்தமுறை அருக்காணி மொழிபெயர்ப்பதற்கு முன்பே சிரித்துவிட்டாள்.

"உளுந்து வடைங்கண்ணா. நடுவுல ஓட்டை டவுனு. சுத்தி இருக்கற மாவு மாவட்டம். டவுனுக்கு நிர்வாகம் தனி, மாவட்டத்துக்குத் தனி. ஆனா மாவட்டத்து ஆபீசை ஓட்டைக்குள்ள கொண்டுபோய் வெச்சிருக்காங்க. இதுல என்ன அதிசயம்? எங்கூர்ல பஞ்சாயத்து யூனியன் ஆபீசு டவுனுக்குள்ளதான் இருக்கு. டவுனு யூனியன்ல சேராது. அங்க இருந்தவனுக்குத்தான் இது தெரியும். பொய் சொல்றவன் ஒழுங்கா இருக்கற மாதிரியில்ல சொல்லுவான்?"

என் இரண்டு சாட்சியும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டன. ஆனாலும் வழக்கு முடிந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெடியன் ரஷ்யாவில் இருந்தவன்தான், அந்த மாவட்டத்திலேயே இருந்தவன்தான். இந்திராதேவி நிம்மதியாகப் பொன்னை உருக்கலாம். துவாயை எடுத்துச் சட்டத்தைச் சுற்றப் போனேன்.

கலீனா விடவில்லை. கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, கட்டடம் தெரியவில்லை, படத்தை வெளியே எடுக்கலாமா என்று கேட்டாள். நான் மாட்டேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அருக்காணி பின்பக்கத்து ஆணிகளை நெம்பிவிட்டாள்.

படம் வெளியே வந்தது. வந்ததும் அதன் கீழ்ப்பக்கம் தானாக விரிந்தது. மூன்றில் ஒரு பங்கு பின்னால் மடிக்கப்பட்டிருந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளைக் கோட்டு முழங்காலோடு முடிந்தது. அதற்குக் கீழே றப்பர் சப்பாத்து, முழங்கால் வரைக்கும் உயர்ந்தது, சாணியோடு. பக்கத்தில் ஒரு வாளி. வாளியின் ஓரத்தில், படத்துக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி, ஈரமான பெரிய மூக்கு ஒன்று.

"மாடு," என்றேன்.

"மாடேதானுங்க," என்றாள் அருக்காணி.

கலீனாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தன் தாயும் இப்படித்தான் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போவாள் என்றாள். அந்தப் பக்கத்துப் பெரிய பாற்பண்ணைகளில் பால் கறக்கிறவர்களுக்கும் அதுதான் உடுப்பாம். பெடியனின் வாளியைத் தட்டிக் காட்டி, நல்ல பண்ணைக்காரன், வாளியைத் துப்புரவாக வைத்திருக்கிறான் என்றாள். எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு இறைச்சியும் தந்தாள்.

திரும்பி வரும் வழியில் நான் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அருக்காணி தயிரைப் பற்றி ஆரம்பித்தாள். அவளுக்கு முதல் கரண்டியிலேயே பட்டதாம், தவிட்டு ஒத்தடம் என்றபோது முழுக்க விளங்கிவிட்டதாம், அது அவர்கள் ஊரில் காளைக்குக் கால் பிசகினால் செய்கிற வைத்தியமாம். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்க கேக்கலீங்களே என்றாள். அது என் சட்டம். அதை வைத்தே என்னை அடித்தாள்.

நான் மடிப்பைத் தடவினேன். கத்தியால் கீறின மாதிரி இருந்தது. பெருவிரல் நகம் ஓடின தடம், காலையில் மேசையில் கடுதாசிக் கப்பலில் பார்த்த அதே தடம்.

அப்போதுதான் எனக்கு முந்தநாள் வந்த தொலைபேசி திரும்ப ஞாபகம் வந்தது. கலியாணத்தைக் குழப்ப நினைக்கிறவள் குழப்புவாள். குழப்ப வந்தவள் எதற்கு, நல்ல ஆளை விட்டு விசாரியுங்கோ என்று சொல்லி, பெயரும் கொடுப்பாள்? அவளுக்கு விசாரணை வேண்டும். மாப்பிள்ளை ரஷ்யாவில் இருந்தாரா என்று ஊர் கேட்க வேண்டும், இருந்தார் என்று நான் வந்து சொல்ல வேண்டும். அதோடு எல்லோர் வாயும் மூடும். டொக்டரா என்று பிறகு ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேள்வியைப் பிழையாகக் கேட்க வைத்துவிட்டுச் சரியான பதிலை வாங்கப் பார்த்திருக்கிறாள்.

"அதுக்கு மொன்றியலிலை எத்தினையோ பேர் இருக்க, என்னை ஏன் பிடிச்சவள்?"

அருக்காணி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாத ஆளு வேற யாருங்கண்ணா இருக்காங்க?"

நிமிர்ந்த நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது.

பிரஷாந்தினி வாசலிலேயே நின்றாள். கார் சத்தம் கேட்டு வந்திருப்பாள். நான் இறங்கி, துவாயை விலக்கிப் படத்தைக் காட்டினேன். மூக்கு வரைக்கும் விரிந்திருந்தது. அவளுடைய கை தானாக மடிப்பின் மேலே போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் மறுக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். லக்ஷன் இரண்டு வருடம் டொக்டருக்குப் படித்தது உண்மை. பிணம் வெட்டுகிற வகுப்பில் மூன்று தரம் மயங்கி விழுந்து, விடுமுறைக்குப் போன பண்ணையிலேயே நின்றுவிட்டான். அவளைப் பார்க்க வந்த முதல் நாளே அதைச் சொன்னான். அம்மாவுக்கு நான் சொல்கிறேன் என்றாள் இவள். அதற்குள் அம்மா கோயிலில் சொல்லிவிட்டாள், ரொறன்ரோவுக்குச் சொல்லிவிட்டாள், பெண் வீட்டு அழைப்பிதழிலும் டொக்டர் என்று அடித்தாயிற்று. அவள் சொல்லப் போகும்போதெல்லாம் அம்மா படத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பாளாம்.

"படத்தை வெட்டியிருக்கலாமே," என்றேன். "மடிச்சு வைச்சால் எண்டைக்காவது விரியும்."

"வெட்ட மனம் வரேல்லை அங்கிள். அவருக்கு அந்த மாட்டிலை சரியான விருப்பம்."

பொய்க்காரர் கத்தரிக்கோல் எடுப்பார்கள். இவள் எடுக்கவில்லை. அதை மட்டும் அவள் பக்கம் எழுதிக்கொண்டேன்.

என்னை ஒரு முட்டாளாக்கித் தாயிடம் அனுப்பப் பார்த்ததற்கு எனக்குக் கோபம்தான். அதையும் சொன்னேன். அம்மா கேட்ட கேள்விக்கு ஓம் என்று பதில் சொல்வேன், அதற்கு மேலே ஒரு கேள்வி கேட்டால் அதற்கும் சொல்வேன், அவள் கேட்பதற்கு முதல் நீ சொன்னால் உனக்கு நல்லது என்றேன். அம்மா கேட்க மாட்டா என்றாள். அவளுக்கும் என் சட்டம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

உள்ளே இந்திராதேவி நாளைக்குக் கொண்டுபோகும் தட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, ரஷ்யாவில் இருந்த பெடியனோ என்று கேட்டாள்.

"ஓம். நூற்றுக்கு நூறு."

நீளமாக மூச்சு விட்டாள். தட்டத்தைக் கீழே வைத்தாள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணை, உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பெடியனுக்குக் குடுப்பியளோ?"

இந்தக் கேள்விக்கு நான் விசாரித்தது போதவில்லை. நான் வாயைத் திறக்க முன்னம் பிரஷாந்தினி படத்தைத் தாயின் முன்னால் விரித்து வைத்தாள்.

"அம்மா, இது மாட்டுப் பண்ணை. அவர் டொக்டர் இல்லை. எனக்கு முதல் நாளே தெரியும். உங்களுக்கு ஃபோன் எடுத்ததும் நான்தான்."

இந்திராதேவி சப்பாத்தைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். மகளை மட்டும் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்தாள். நாளைக்கு உருக வேண்டிய பொன் அந்த ஒரு அழைப்பில் தொங்கியது. பிரஷாந்தினி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீர் டொக்டர் இல்லையாமே."

மறுபக்கம் அவன் என்னவோ நீளமாகச் சொன்னான். இந்திராதேவியின் முகம் இறுகியது, பிறகு மெல்லத் தளர்ந்தது. இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தினை மாடு பார்த்தனீர்?"

கேட்டுவிட்டு வைத்தாள். பிறகுதான் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வாய்க்கு வாய் டொக்டர் டொக்டர் எண்டு கூப்பிட, மாமி பகிடி பண்ணுறா எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். அம்மாவுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன் எண்டு நீ அவனுக்குச் சொன்னியாம். அவன் பொய் சொல்லேல்லை. பொய் என்ரை வீட்டுக்குள்ளைதான் இருந்திருக்கு."

பிரஷாந்தினி அழ ஆரம்பித்தாள். இந்திராதேவி அவளைத் தேற்றவில்லை. மிச்ச அழைப்பிதழ்களில் டொக்டர் என்பதை அவளே இருந்து வெட்ட வேண்டும் என்றாள். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு அவளே எடுத்துச் சொல்ல வேண்டும், இப்பவே, எல்லோரும் கேட்க. அந்தப் பெரியம்மாவை எனக்குத் தெரியும். வேறு தண்டனை தேவையில்லை.

"அப்ப பொன்?" என்று அருக்காணி கேட்டாள். அவளுக்குச் சட்டம் ஒன்றும் இல்லை.

இந்திராதேவி படத்தை எடுத்துச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தாள். மடிக்காமல் வைத்தால் சப்பாத்து வெளியே தள்ளியது. குறுக்கே வைத்துப் பார்த்தாள். சரிவரவில்லை.

"அண்ணை, நாளைக்கு ஒன்பதரைக்கு நெருப்பு வைக்கினம்," என்றாள் என்னிடம். "அதுக்கு முதல் கடை திறந்திருக்குமோ? இந்தச் சட்டம் காணாது. மாட்டின்ரை மூக்கும் தெரியிற மாதிரி ஒண்டு வேணும்."